மஞ்சள் வீட்டில் மூன்று வாரம்

என் புருஷன் ஈனோஸ் ரேனர் இதுவரை எழுபத்திரண்டு வீடுகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார். அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்கிறேனா, குறையாகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். அது நீங்கள் எந்த நேரத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

லாங் ஐலண்டின் வடகரையில் இருக்கிறது எங்கள் டங்கன்ஸ் கோவ். இங்கே வீடெல்லாம் மரத்தில் கட்டியது. கடல் கரையை அரித்தாலும் சரி, அண்ணனும் தம்பியும் முகம் பார்க்க மாட்டேன் என்று பிரிந்தாலும் சரி, யாரும் வீட்டை இடிப்பதில்லை. ஈனோஸைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடப்பார். யாரிடமும் ஒன்றும் பேச மாட்டார். பிறகு அடியில் ஜாக்கிகளைக் கொடுத்து, விரற்கடை விரற்கடையாக வீட்டைத் தூக்கி, கீழே பெரிய உத்தரங்களையும் அதற்குக் கீழே உருளைக் கட்டைகளையும் சொருகுவார். வீட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் தடித்த மர உருளை ஒன்றை நட்டு நிறுத்துவார். அதற்குச் சுழல்மரம் என்று பெயர். வீட்டில் கட்டிய கயிறு அதில் வந்து சுற்றும். சுழல்மரத்தில் ஒரு நீளத் தடி. தடியின் முனையில் எங்கள் பெண் குதிரை ப்ரூ. அது வட்டமாக நடக்க நடக்க வீடு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் கயிறு குறுக்கே வரும், ப்ரூ காலைத் தூக்கித் தாண்டி வைக்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கு ஊரில் பாதிப் பேரைவிட மூளை அதிகம்.

வீட்டுக்காரர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். அடுப்பு எரியும், துணி காயும், குழந்தை தூங்கும். ஈனோஸுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. கிளம்பும்போது அடுப்பங்கரை மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் வைப்பார். போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுச் சிந்தினாலும் பாதிக்கூலி வேண்டாம் என்பார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சிந்தியது. அதுவும் பூனை செய்த வேலை என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

நாங்கள் குடியிருப்பது தீவனக் கடையின் மாடியில், இரண்டு அறை. மாடிப்படி வெளியே இருக்கிறது, மழை பெய்தால் வழுக்கும். தண்ணீரைக் கீழேயிருந்து தூக்கி வர வேண்டும். என் துணி, தலைமுடி, நான் சுடும் ரொட்டி எல்லாவற்றிலும் சோளத் தவிட்டு வாசனை. உழைக்கிறவனுக்கு இந்த நாட்டில் சொந்த வீடு நிச்சயம் என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், கோயிலிலும் சொன்னார்கள். இருபத்தாறு வருஷம் நான் அதை நம்பிக்கொண்டுதான் தண்ணீர் தூக்கினேன்.

பார்மலி என்ற பணக்காரர் எங்கள் ஊருக்கு வந்தது 1924-ல். முடி வளர்க்கும் தைலம் விற்றுப் பணம் சேர்த்தவர். நாடு முழுக்கச் சாராயத்தைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. அந்தத் தைலத்தைத் தலையில் தேய்த்தவர்களைவிட வாயில் ஊற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம் என்று ஊரே பேசிக்கொண்டது. மேட்டிலே நாற்பது அறை மாளிகை கட்டினார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. தீயணைப்பு வண்டிக்குப் பணம் கொடுத்தார், பார்க்கிறவர்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கினார். ஆனால் நாற்பது அறை இருந்தும் அவருக்கு ஒரு குறை. பழமை இல்லை. நகரத்தில் ஏலம் எடுத்து யார் யாருடைய தாத்தாக்களின் படங்களையோ வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். அந்தத் தாத்தாக்கள் குடியிருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு பழைய வீடு தேவைப்பட்டது.

அந்த வீடு அவர் புல்வெளியின் ஓரத்திலேயே இருந்தது. கெட்சம் அம்மாவின் வீடு. நூற்றெண்பது வருஷத்துப் பழசு, நடுவில் பெரிய செங்கல் புகைபோக்கி. கெட்சம் அம்மாவின் புருஷன் சாகும்போது வீட்டை அவளுக்கும் நிலத்தைத் தன் அண்ணன் மகனுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். என்ன நினைத்து எழுதினாரோ. அண்ணன் மகன் மறு வாரமே நிலத்தை பார்மலிக்கு விற்றான். வழக்கு நடந்து நீதிபதி தீர்த்துச் சொல்லிவிட்டார்: மே முதல் தேதி சூரியன் மறைவதற்குள் வீடு எல்லையிலிருக்கிற கல் சுவரைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் நிலத்தோடு வீடும் பார்மலிக்கு. கெட்சம் அம்மாவுக்குக் கோயில் பாதையில் அப்பா வழி வந்த அரை ஏக்கர் இருந்தது. வீட்டை அங்கே கொண்டுபோய் வைக்க ஈனோஸிடம் சொன்னாள்.

வேலை தொடங்கின அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருக்கும்போது கீழே கார் நிற்கிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் நின்ற ஈனோஸுக்கு முன்னால் பார்மலி.

"ரேனர், குளத்தங்கரையில அந்த மஞ்சள் வீடு தெரியுமில்ல? போன மாசம் நான்தான் வாங்கினேன்" என்றார். "அது உங்க சம்சாரம் பேருக்கு வரலாம். அதுக்கு நீங்க எதுவும் செய்ய வேண்டாம். செய்யாம இருந்தா போதும். ஒரே ஒரு நாள் லேட்டாகட்டும். மழை, சேறு, கயிறு அறுந்துச்சு, ஏதாவது ஒண்ணு. உங்களை யாரு கேக்கப் போறா? அந்தம்மாவுக்கும் நான் நல்ல தொகை குடுத்துடறேன்."

என் கையில் ரொட்டிக் கத்தி அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் வீடு. எனக்கு அந்த வீட்டை மனப்பாடமாகத் தெரியும். வாசலில் லைலாக் செடி. அடுப்பங்கரைக்குள்ளேயே தண்ணீர் பம்பு. நான் தடதடவென்று படி இறங்கிப் போவதற்குள் கார் திரும்பிவிட்டது.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்" என்றார் ஈனோஸ்.

"ஈனோஸ், மஞ்சள் வீடு. கெட்சம் கிழவி தன் மகள்கிட்ட ஜம்முனு போய் இருக்கலாம், கையில காசோட. நாம யாரையும் அடிக்கல, திருடல. உன்னை மாதிரி மெதுவா வேலை செய்யறவன் இன்னும் கொஞ்சம் மெதுவா செஞ்சா யாருக்குத் தெரியும்?"

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அந்த வீட்டுல பம்பு உள்ளயா இருக்கு?" என்று கேட்டார்.

"உள்ளதான். கிழக்கு ஜன்னலுக்குக் கீழ."

"அப்ப பாத்திரம் கழுவறப்ப குளம் தெரியும்" என்றார்.

போதாதா எனக்கு? அன்றைக்கே மனசால் அந்த வீட்டில் குடியேறிவிட்டேன். தினமும் வேலையில்லாத வேலையாகக் குளத்தங்கரைப் பக்கம் போய் வந்தேன். கடையில் திரைச்சீலைத் துணியைத் தடவிப் பார்த்து, நீல வரி போட்டதை எடுத்து வைக்கச் சொன்னேன். சாப்பிடும்போது இவரிடம் அலமாரியை எந்தச் சுவரில் வைப்பது, கோழிக்கூட்டை எங்கே போடுவது என்று பேசுவேன். பதில் சொல்வார், சண்டைகூடப் போடுவார். கோழிக்கூடு வடக்குப் பக்கம் வேண்டாம், காற்று அடிக்கும் என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வீட்டில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வேலையும் என் ஆசைப்படியே மெதுவாக நடந்தது. புகைபோக்கியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் ஒரு வாரம் மிச்சம். இவர் அதைத் தொட மாட்டேன் என்று, சுற்றிலும் மரச்சட்டம் கட்டித் தாங்கினார். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். நான் மனசுக்குள் சபாஷ் போட்டேன். பிறகு நாலு நாள் விடாமல் மழை. வேறு யாராவது என்றால் மழையைத் திட்டியிருப்பார்கள், நான் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்தேன்.

மே முதல் தேதி சனிக்கிழமை. வானம் வெளுத்துவிட்டது. காலையில் வீடு கிளம்பியது. கெட்சம் அம்மா உள்ளே. வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள். "இந்த வாசப்படியில மணப்பொண்ணா உள்ள வந்தேன். ஒரு கயித்துக்குப் பயந்து வெளிய போகமாட்டேன்" என்றாள். சனிக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பீன்ஸ்தான், அவள் மண்பானையும் அடுப்பில் இருந்தது. புகைபோக்கியில் புகை வர, வீடு புல்வெளியில் மெல்ல ஊர்ந்து போனது.

மேலே மாளிகையில் விருந்து. பார்மலி நகரத்திலிருந்து எண்பது பேரை வரவழைத்திருந்தார். இத்தனை மழைக்குப் பிறகு வீடு நேரத்துக்குத் தாண்டாது, மறுநாள் அதைத் தன்னுடையது என்று காட்டலாம் என்ற சந்தோஷம். பாட்டும் சிரிப்பும் கீழேவரை கேட்டது.

மூன்று மணிக்கு ப்ரூ நொண்டியது. கல் குத்திக் குளம்பு வீங்கிவிட்டது. வீடு போக வழிவிட்டுப் பிரித்து வைத்திருந்த கல் சுவருக்கு இன்னும் அறுபது அடி பாக்கி. ஈனோஸ் அவசரமே இல்லாமல் குதிரையை அவிழ்த்தார், ஓரமாகக் கூட்டிப் போனார், ஒரு கட்டையில் உட்கார்ந்து அதன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல காரணம் கிடைத்துவிட்டது இவருக்கு. நொண்டிக் குதிரையை யாரும் கேள்வி கேட்க முடியாது. மஞ்சள் வீடு எனக்கு வந்துவிட்டது.

அப்போது கெட்சம் அம்மா அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"லவீனியா, ஏன் நின்னுடுச்சு?"

"குதிரைக்குக் கால்ல அடி."

"ஐயோ பாவம். ஈனோஸை மெதுவாப் பாக்கச் சொல்லு" என்றாள். "இருட்டறதுக்குள்ள போயிடுவோம்தானே? ஈனோஸ் கை வெச்சா எனக்குக் கவலை இல்ல. டம்ளரைப் பாரேன், இன்னும் அப்படியே இருக்கு. உனக்கும் சேத்துதான் பீன்ஸ் வெச்சிருக்கேன்."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். மஞ்சள் வீட்டு அடுப்பங்கரையில், பம்புக்கு முன்னால், நான் நிற்பது போலக் கண்ணில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே குளம் தெரியவில்லை. கெட்சம் அம்மாவின் முகம்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது. கையாலாகாத கோபம் வேறு, யார் மேல் என்று தெரியாமல் ஈனோஸ் மேல் வந்தது. மூன்று வாரமாக ஓதினது நான்தான், ஆனால் அந்த மனுஷன் நான் சொன்னதைக் கேட்டுத் தொலைத்துவிட்டாரே என்று இருந்தது.

பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போய் சுழல்மரத்தின் தடியைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை.

"வீனி, ஒத்தை ஆளா அதை அசைக்க முடியாது" என்றார் ஈனோஸ், குளம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப எந்திரிச்சு வா."

"முதல்ல குதிரை. இதைக் கட்டாம விட்டா காலே போயிடும்."

எங்கள் ஆட்கள் இரண்டு பேர்தான். அவர்கள் பின்னால் வெளிவருகிற உருளைக் கட்டைகளைத் தூக்கி வந்து முன்னால் போட்டாக வேண்டும், அவர்களை இழுக்க முடியாது. சுற்றிலும் பார்த்தேன். மேட்டிலிருந்து பத்துப் பதினைந்து விருந்தாளிகள் வெள்ளை உடையில் இறங்கி வந்து, கையில் கிளாஸோடு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை விட்டுக்கொண்டு நடுப்புல்லில் நிற்கிற வீட்டை அவர்கள் பார்த்ததே இல்லை.

"என்னப்பா பாக்கறீங்க?" என்றேன். "தின்னது செரிக்க வேண்டாமா? இதைத் தள்ற தெம்பு உங்கள்ல ஒருத்தனுக்காவது இருக்கா, இல்ல பொம்பளை நானேதான் தள்ளணுமா?"

ஒரு நெட்டைப் பையன் கிளாஸைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தான். "நான் காலேஜ்ல படகுப் பந்தயத்துல துடுப்புப் போட்டவன் அம்மா" என்றான்.

"இது தண்ணியில மிதக்காது, வா" என்றேன்.

அவனைப் பார்த்து இன்னொருவன். பிறகு நாலு பேர். தடியில் இடமில்லாமல் சண்டை போட்டார்கள். வீடு ஒரு முனகலோடு நகர்ந்தது, கூட்டம் கைதட்டியது. தொல்லை என்னவென்றால் ப்ரூவுக்கு இருந்த புத்தி இவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கயிறு குறுக்கே வரும், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் தடுக்கி விழுவார்கள், வெள்ளைக் கால்சட்டை சேற்றில் புரளும். நான் பக்கத்தில் நின்று "தாண்டு", "தாண்டு" என்று கத்தியே தொண்டை கட்டிப் போனேன். முத்துமாலை போட்ட ஒரு பெண்ணும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். அவள் ஒருத்திதான் கடைசிவரை விழவே இல்லை.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும்போது, வீட்டின் பின்சுவர் எல்லையைத் தாண்ட நாலடி பாக்கி. விருந்தாளிகளைக் காணோமே என்று தேடிக்கொண்டு பார்மலியே இறங்கி வந்தார். தன் விருந்தாளிகள் தலையிலிருந்து கால்வரை சேற்றோடு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். முகம் வெளுத்தது.

"லெலண்ட், நீயும் வா, பிரமாதமா இருக்கு" என்று அந்த நெட்டைப் பையன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நிறுத்துங்கள் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு கிழவியின் வீட்டைப் பிடுங்கக் காத்திருக்கிறேன் என்று எண்பது பேரிடம் எப்படிச் சொல்வார்? கோட்டைக் கழற்றினார். தடியைப் பிடித்தார்.

அதற்குள் குதிரைக்குக் கட்டுப்போட்டுவிட்டு ஈனோஸும் வந்து பக்கத்தில் தோள் கொடுத்திருந்தார். பார்மலி குனிந்து அவரிடம் சொன்னது நான் நின்ற இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"ரேனர், அன்னைக்கு முடியாதுன்னீங்க. இப்பக்கூடச் சொல்றேன், மஞ்சள் வீடு காலியாத்தான் இருக்கு."

"கயித்தைத் தாண்டிக் கால் வைங்க சார்" என்றார் ஈனோஸ்.

பார்மலி தாண்டினார். பின்சுவர் கல் சுவரைக் கடந்தது. வெயில் இன்னும் புகைபோக்கியின் உச்சியில் இருந்தது.

ஈனோஸ் நேரே அடுப்பங்கரைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. இவர் முகம் விழுந்துபோய்விட்டது. மேசையைத் தடவினார், குனிந்து தரையைத் தடவினார்.

"நான்தான் குடிச்சேன்" என்றாள் கெட்சம் அம்மா, பானையிலிருந்து பீன்ஸை அள்ளிக்கொண்டே. "அடுப்புப் பக்கத்துல நின்னு தாகமா இருந்துச்சு. தப்பா?"

எல்லோருக்கும் பீன்ஸ் கொடுத்தாள். பார்மலிக்கும் ஒரு கிண்ணம். வாசப்படியில் உட்கார்ந்து அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ப்ரூவை நடத்திக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வரும்போதுதான் கேட்டேன். "அன்னைக்கே முடியாதுன்னுட்டியா?"

"அன்னைக்கே."

"கார் திரும்பறதுக்கு முன்னாடியே?"

"அவர் பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே."

"அப்ப கோழிக்கூடு வடக்குப் பக்கம் வேண்டாம்னு என்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டின? மூணு வாரம் என்னைப் பைத்தியக்காரியா ஆக்கிட்டியே, மனுஷனா நீ?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குதிரையை நிறுத்தினார். அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குப் படி இறங்கி வந்தப்ப உன் முகத்தைப் பாத்தேன், வீனி. இருபத்தாறு வருஷத்துல அப்படிப் பாத்ததே இல்ல. எப்படியும் உனக்கு அந்த வீட்டை நான் குடுக்க முடியாது. ஒரு மூணு வாரமாவது இருந்துட்டுப் போயேன்னு விட்டுட்டேன். நானும் உன்கூட இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

ப்ரூவின் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இப்போது மஞ்சள் வீட்டில் தபால்காரர் குடும்பம் இருக்கிறது. கோழிக்கூட்டை வடக்குப் பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கோழிகள் விறைக்கின்றன, ஈனோஸ் சொன்னது சரிதான். நாங்கள் தீவனக் கடை மாடியிலேயே இருக்கிறோம். நீல வரித் திரைச்சீலையை அந்த வாரமே வாங்கி இங்கேயே மாட்டினேன். இந்த ஜன்னலில் குளம் தெரியாது, கடைக்காரரின் வண்டிக் கொட்டகைதான் தெரியும். பாத்திரம் கழுவும்போது ஈனோஸ் சில நாள் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தண்ணி நிறைய இருக்கு, வாத்து வந்திருக்கு" என்பார்.

"ஆமா, ரெண்டு" என்பேன் நான்.